குஞ்சின் முகத்தில் கட்டியா? பிளேட்டை எடுக்கமுன் இதைப் பாருங்கள்

கோழிக்குஞ்சின் கண்ணோரத்திலோ சொண்டு முடியும் மூலையிலோ ஒரு கட்டியைக் கண்டதும், புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. பிளேட்டை எடுத்துக் கீறிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கடையில் ஏதாவதொரு அன்டிபயோட்டிக் தூளை வாங்கித் தண்ணீரில் கலந்து விடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் பிழையான வேலை. யாழ்ப்பாணத்தில், அதுவும் மாரி காலத்தில், குஞ்சின் முகத்தில் கட்டி வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது கோழி அம்மையைத்தான். அது வைரசால் வருவது. கீறினால் பரவும், அன்டிபயோட்டிக்குக்கு அடங்காது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் மட்டும் அம்மை போட்ட குஞ்சு பெரும்பாலும் கட்டியால் சாவதில்லை. கண் மூடிப்போய், தீனும் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பட்டினியால் சாகிறது. ஆகவே கட்டிக்குப் பெயர் வைப்பது பிறகு. குஞ்சைத் தின்னவைக்கும் வேலை இன்றைக்கே தொடங்கவேண்டும்.

பிடிப்பதும் தனியே வைப்பதும்

பகலில் வளவு முழுக்கத் துரத்தாதீர்கள். பொழுதுபட்டுக் குஞ்சுகள் அடைந்தபின் டோர்ச் வெளிச்சத்தில் எடுத்தால் சத்தமில்லாமல் கைக்கு வரும். பழைய துவாய்த் துண்டொன்றில் செட்டைகளைச் சேர்த்துச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியப் பிடியுங்கள். நெஞ்சை இறுக்கவேண்டாம். நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை; நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். பயந்த குஞ்சு என்று இறுக்கிப் பிடித்தே மூச்சடைக்க வைப்பவர்கள் உண்டு.

காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு காட்போட் பெட்டி போதும். அடியில் பத்திரிகைத் தாளோ உமியோ போடலாம். தாள் என்றால் மேலே ஒரு பழைய துணியை விரியுங்கள், வெறும் தாளில் கால் வழுக்கும். பெட்டிக்கு மேல் நுளம்புவலைத் துண்டு கட்டாயம். ஏன் என்பது கீழே வரும்.

ஐந்தாறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சை அடைக்கோழியிடமிருந்து பிரித்தால் இரவில் சூடு கொடுக்கவேண்டும். 40 அல்லது 60 வோட் இழைக் குமிழைப் பெட்டியின் ஒரு பக்கத்தில், தாளிலும் உமியிலும் படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். குஞ்சுக்குச் சூடு கூடினால் தள்ளிப்போக மற்றப் பக்கம் இருக்கவேண்டும். வீட்டில் எரியும் எல்இடி குமிழ் வெளிச்சம் மட்டுந்தான் தரும், சூடு தராது. இழைக் குமிழ் கிடைக்காவிட்டால் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். பெட்டியை மற்றக் குஞ்சுகளின் சத்தம் கேட்கும் தூரத்தில் வைத்தால் தனிக்குஞ்சு கத்திக் களைக்காது. ஆனால் சொண்டு சொண்டில் படக்கூடாது, ஒரே தண்ணீர்ச் சட்டியும் கூடாது.

எதைப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் முதலில் தொடாமல் பாருங்கள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? கொண்டை, தாடி, காதுமடல், கண்ணிமை, சொண்டின் மூலை ஆகிய இடங்களில் எங்கே? ஒன்றா, பலவா? பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். கல்லாக இருக்கிறதா, மெத்தென்று அமுங்குகிறதா, சுடுகிறதா, மேல்தோலோடு ஒட்டியிருக்கிறதா, தோலுக்கு அடியில் நகர்கிறதா என்று கவனியுங்கள். மூக்குத் துவாரத்துக்குக் கிட்டே மணந்து பாருங்கள். அருவருக்கவேண்டாம், அந்த நாற்றம் ஒரு நோயைக் காட்டிக்கொடுக்கும்.

அதன்பின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும். புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். பெருவிரலும் சுட்டுவிரலும் சொண்டின் இரு மூலைகளிலும் இருக்க, மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கிலோ, அண்ணத்திலோ, தொண்டையிலோ மஞ்சள் நிறப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு வைத்தியரைத் தேடுங்கள்.

போனில் இரண்டு படம் எடுத்துவையுங்கள், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து. அடுத்த நாளும் அதே மாதிரி. கட்டி வளர்கிறதா வற்றுகிறதா என்பதைக் கண் மறந்துவிடும், படம் மறக்காது. குசினித் தராசு இருந்தால் குஞ்சையும் நிறுத்து எழுதிவையுங்கள்.

சில கட்டிகள் கட்டியே அல்ல

இரண்டு மாதத்தை நெருங்கும் சேவல் குஞ்சுக்குக் கொண்டை தடிக்கும், தாடி இரண்டு பக்கமும் சிவப்பாக முளைவிடும். கூட்டத்தில் ஒரே ஒரு சேவல் முந்தி வளர்ந்தால், அதற்கு மட்டும் ஏதோ வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, தோல் பளபளப்பு, குஞ்சு ஓடித் திரிகிறது என்றால் அது வளர்ச்சிதான். சில கலப்பு இனங்களுக்குக் கொண்டை பல்லுப்பல்லாக இல்லாமல், மூன்று வரிசைக் குறுமணிகளாகக் கட்டையாகவே இருக்கும். அதையும் புண் என்று உரசிவிடாதீர்கள்.

அம்மையா, வேறா?

கோழி அம்மை இறகில்லாத இடத்தில்தான் வரும்: கொண்டை, தாடி, இமை, சொண்டின் மூலை, சிலவேளை காலிலும். முதலில் வெளிறிய சிறு புள்ளி. பிறகு மஞ்சளாகித் தடிக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து மருப்போல முரடாகும், கடைசியில் கரும்பழுப்புப் பொருக்காகும். தோலோடு ஒட்டியிருக்கும், நகராது. வைரஸ் உள்ளே போய்ப் பொதுவாக 4 முதல் 10 நாளில் புள்ளி தெரியத் தொடங்கும். பொருக்குத் தானாக விழ இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். ஒரே குஞ்சில் சில புள்ளி புதிதாகவும் சில பொருக்காகவும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அம்மையைக் கொண்டுவருவது பெரும்பாலும் நுளம்பு. நோயுள்ள கோழியில் குடித்துவிட்டு அடுத்த கோழியைக் குத்தும். அதனால்தான் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஒக்டோபருக்குப் பிறகு வளவுக்கு வளவு இது தலைகாட்டுகிறது. கொத்துப்பட்ட காயத்தாலும், விழுந்த பொருக்காலும்கூடப் பரவும். காய்ந்த பொருக்குக்குள் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தோலில் வருவது ஒரு வகை. மற்றது வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக வருவது. அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும், அதில் சாவு அதிகம். இரண்டும் ஒரே குஞ்சில் சேர்ந்தும் வரலாம். வாயைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உடனே வரும் கேள்வி: இது பிள்ளைக்குத் தொற்றுமா? தொற்றாது. மனிதருக்கு வரும் கொப்புளிப்பான் வேறு வைரஸ், கோழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நோயுள்ள எந்தக் கோழியைத் தொட்டாலும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

இனி அம்மை அல்லாதவை. முகம் மெத்தென்று வீங்கி, கண் பாதி மூடி, மூக்கால் சளி வடிந்து, கிட்டப் போனாலே நாறினால் அது கொரைசா என்னும் பற்றீரியா நோயாக இருக்கலாம். அம்மையைப்போல ஆறுதலாக வராது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அடுத்தடுத்த கோழிகளிலும் தெரியும். இதற்கு அன்டிபயோட்டிக் உதவும், ஆனால் எது, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். குணமான கோழியும் கிருமியைச் சுமந்து திரியும் என்பதால் புதுக்குஞ்சுகளை அதனோடு விடக்கூடாது. நாற்றமில்லாமல், கண்ணில் நுரையும் தும்மலும் கண்ணுக்குக் கீழே வீக்கமும் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் வேலையாக இருக்கலாம். அதற்கும் வைத்தியர்தான்.

கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் மிளகுத்தூள் அப்பியதுபோல் கரும்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால், பூதக்கண்ணாடியாலோ போன் கமராவைப் பெரிதாக்கியோ பாருங்கள். தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு ஒட்டியிருக்கும் தெள்ளாக இருக்கலாம். இவை நாய், பூனையிலும் ஏறும்; மணல் நிலத்தில் பெருகும். சிறு குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சியே அதைச் சோகையாக்கிக் கொன்றுவிடும். வாஸ்லினைத் தடித்துப் பூசி மூச்சடைக்கவைத்து, அடுத்த நாள் குறட்டால் எடுக்கலாம். கண்ணுக்குள் படக்கூடாது. கூட்டின் அடிமண்ணையும் உமியையும் மாற்றாமல் குஞ்சை மட்டும் துடைத்தால் ஒரு கிழமையில் திரும்பவும் வந்து நிற்கும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: தீன். குறுணல், தவிடு, தேங்காய்ப்பூ மட்டும் போட்டு வளர்க்கும் குஞ்சுக்கு விற்றமின் ஏ போதாமல் போகலாம். இமை ஒட்டிக்கொள்ளும், அடியில் வெள்ளைக் கட்டி சேர்ந்து கண் புடைக்கும், வாய்க்குள் சிறு வெண்புள்ளிகள் தெரியும். பார்க்க நோய் மாதிரி இருக்கும், அடிப்படை சாப்பாட்டில். வேலியில் முருங்கை நிற்கும் ஊரில் இதற்குப் பெரிய செலவில்லை. இளம் முருங்கையிலையைப் பொடியாக அரிந்து தீனோடு கலவுங்கள். பூசணி, பழுத்த பப்பாளியும் நல்லது. கண் புடைத்துவிட்டால் இலையை மட்டும் நம்பாமல் வைத்தியரிடம் விற்றமின் மருந்தும் கேளுங்கள்.

தனிக்கட்டி ஒன்று, தோலுக்கடியில் உருண்டையாக, கெட்டியாக இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். கொத்துக் காயம், முள், மரச்சிராய் போன்றவற்றால் வருவது. நம்முடைய சீழ் வடியும். கோழியின் சீழ் வடியாது, உள்ளேயே கெட்டியாக இறுகிவிடும். அதனால்தான் ஊசியால் குத்தினால் ஒன்றும் வராமல் இரத்தம் மட்டும் வருகிறது. அந்த உருண்டையைத் தோல் திறந்து முழுதாக எடுக்கவேண்டும், அது வைத்தியரின் கைவேலை.

காலையில் இல்லாதது மத்தியானம் பெரிதாக வீங்கியிருந்தால் குளவியோ தேனீயோ பூரானோ தீண்டியிருக்கும். குளிர்ந்த ஈரத்துணியை வைத்து ஓரிரு நாள் பொறுத்தால் வற்றிவிடும். கட்டியோடு ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக இழுபட்டு, குஞ்சு மெலிந்துகொண்டு போனால் மாரெக்ஸ் நோயை நினைக்கவேண்டும். இரண்டிலிருந்து ஐந்து மாதம் வரையுள்ள கோழிகளில்தான் அதைப் பெரும்பாலும் காண்போம். அதற்கு மருந்தில்லை, குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் உண்டு.

தின்னவைப்பது

அம்மை என்று தெரிந்தபின் நம் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து இதுதான். ஒரு கண் திறந்திருந்தால் தீனை அந்தக் கண் பக்கமாக வையுங்கள். இரண்டும் மூடிவிட்டால் நீங்கள்தான் அடைக்கோழி. குஞ்சுத் தீனைச் சுடுநீரில் குழைத்து ஆறவிட்டு, தட்டை விரலால் தட்டுங்கள். சத்தத்துக்குக் குஞ்சு குனியும். சொண்டின் நுனியில் கொஞ்சம் தடவிவிட்டால் ருசி பிடித்துத் தேடும். அவித்த முட்டை மஞ்சட்கருவை உதிர்த்துக் கலந்தால் தின்னாத குஞ்சும் தின்னும். (கோழிக்கு முட்டையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.) பகலில் நாலைந்து தடவை இப்படிச் செய்யவேண்டும்.

தண்ணீரைச் சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சவே வேண்டாம். நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாசல் இருக்கிறது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். சொண்டின் நுனியை மட்டும் தண்ணீரில் தொடுங்கள், மூக்குத் துவாரம் நனையாமல். குஞ்சு தானாகத் தலையை உயர்த்தி விழுங்கும்.

படுக்கமுன் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே உள்ள தீன்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் அன்றைய நாள் வெற்றி. வெறும் தோலாகத் தொங்கினால் இன்னொரு முறை கொடுத்துவிட்டுப் படுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து நிறை குறைந்தால் வீட்டு வைத்தியத்தை நீட்டவேண்டாம்.

பூசலாமா?

அயலில் ஒரு ஆச்சி கட்டாயம் சொல்லுவார், "தம்பி, கொஞ்சம் சுண்ணாம்பு தடவிவிடு ராசா, பட்டுப்போம்" என்று. இன்னொருவர் மண்ணெண்ணெய் என்பார். இரண்டும் மெல்லிய தோலைச் சுட்டுவிடும், கண்ணுக்குக் கிட்டே பட்டால் கண்ணே போய்விடும். ஆச்சியோடு தர்க்கிக்கவேண்டாம், "ஓம் ஆச்சி" என்று விட்டுவிடுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் தடுக்கமாட்டேன். வைரசைக் கொல்லாது, ஆனாலும் கண்ணிலிருந்து தள்ளிப் பூசினால் பெரிய கெடுதலும் இல்லை.

செய்யவேண்டியது சிறிய வேலை. அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரையுங்கள். சுத்தமான பஞ்சை நனைத்து, ஒட்டிய இமையின் மேல் ஒரு நிமிடம் வைத்து, ஊறியபின் துடையுங்கள். காலையும் மாலையும் செய்யலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிரிந்து வராத இமையை இழுக்கவேண்டாம். கொண்டையிலும் தாடியிலும் உள்ள பொருக்கில் பொவிடோன் அயடினைத் தண்ணீர் கலந்து ஒற்றலாம், கண்ணிலும் வாயிலும் படாமல்.

பொருக்கை உரிக்காதீர்கள். உரித்தால் இரத்தம் வரும், பற்றீரியா ஏறும், உரித்த விரலோடு வைரஸ் அடுத்த குஞ்சுக்கும் போகும். தானாக விழுந்ததைக் கூட்டியெடுத்து எரியுங்கள்.

வைத்தியரிடம் போகவேண்டிய நேரம்

வாய்க்குள் மஞ்சள் படலம், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், நாற்றமுள்ள வீக்கம், இரண்டு வாரமாகியும் பொருக்காகாமல் வளர்ந்துகொண்டே போகும் தனிக்கட்டி ஆகியவற்றுக்கு உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் போன் எடுத்துக் கேட்டுவிட்டு, மூடிய பெட்டியில் ஓட்டோவில் கொண்டுபோகலாம். குஞ்சின் வயது, எங்கே வாங்கியது, என்ன தடுப்பூசி போட்டது, என்ன தீன், எத்தனை கோழிக்கு வந்திருக்கிறது என்பவற்றைத் துண்டில் எழுதிக்கொண்டு, எடுத்த படங்களையும் காட்டுங்கள். மருந்து தந்தால், இறைச்சியும் முட்டையும் எத்தனை நாளுக்குச் சாப்பிடக்கூடாது என்று கேட்க மறக்கவேண்டாம்.

இன்னொரு நிலை வேறு. முகம் வீங்கி, கொண்டை நீலம்பாரித்து, பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, ஒரு இரவில் பல கோழிகள் விழுந்தால் ரணிக்கட்டோ பறவைக் காய்ச்சலோ என்று சந்தேகிக்கவேண்டும். அப்போது குஞ்சைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், அவசரமாக விற்காதீர்கள். வைத்தியரைப் போனில் கூப்பிடுங்கள்.

மிஞ்சிய கோழிகள்

வளவைச் சுற்றி ஒருமுறை நடந்துவாருங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய ரயர், கிணற்றடி வாளி, பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்க்கவேண்டும். டெங்குக்காகச் செய்யும் வேலைதான், கோழிக்கும் சேர்த்து. பொழுதுபடமுன் கூட்டை நுளம்புவலையால் மூடுங்கள். மூடிய கூட்டுக்குள் நுளம்புத்திரி கொளுத்தவேண்டாம், அந்தப் புகை குஞ்சின் நுரையீரலுக்கு ஆகாது. சந்தையில் வாங்கும் புதுக்குஞ்சை இரண்டு மூன்று கிழமையாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அம்மை வந்து மாறிய குஞ்சைப் பொருக்கு முழுதும் விழுந்தபின் கூட்டத்தோடு விடலாம். அதற்கு அந்த அம்மை பொதுவாக மறுபடி வராது.

தடுப்பூசி இருக்கிறது. இரட்டை முள்ளுள்ள ஊசியை மருந்தில் தோய்த்துச் செட்டையின் மெல்லிய தோலில் குத்துவார்கள். பொதுவாக 6 முதல் 10 வாரக் குஞ்சுக்குப் போடுவார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் போட்டுவிட்டால் மாரி நுளம்பு வருமுன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். வீட்டில் ஓரிரு குஞ்சுக்கு நோய் தெரிந்தபின்கூட, இன்னும் நோய் தெரியாத மற்றவற்றுக்குப் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பல நேரம் போடச் சொல்வார். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து இருக்கும், கரைத்தபின் ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடவேண்டும். ஆகவே ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் கட்டுப்படியாகும்.

போட்ட 7 முதல் 10 நாளில் செட்டையை விரித்துக் குத்திய இடத்தைப் பாருங்கள். சிறு தடிப்போ பொருக்கோ இருந்தால் மருந்து பிடித்துவிட்டது. பல கோழிகளில் ஒன்றுமே தெரியாவிட்டால் மருந்து வழியில் சூடேறிக் கெட்டிருக்கலாம், அல்லது அவற்றுக்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கலாம். வைத்தியரிடம் சொல்லி, தேவையென்றால் திரும்பப் போடுங்கள். இம்முறை குப்பியைப் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள்.